கொண்டைக்கடலை ஜெபமாலை

உண்ணக்கூடிய ஜெபமாலை என்பது, மறைக்கல்வி வகுப்புக் குழந்தைகள் தின்பண்டங்களையே மணிகளாக வைத்து, நூலில் கோத்தோ தட்டில் அடுக்கியோ செய்யும் கைவேலை. வழக்கமான ஐந்து பத்துமணி ஜெபமாலையில் 59 மணிகள் உண்டு. 53 சிறியவை, ஒவ்வொன்றுக்கும் ஓர் அருள் நிறைந்த மரியே. மற்ற 6 பெரியவை, இயேசு கற்பித்த செபத்துக்கு உரியவை. இந்தக் கணக்கும் வரிசையும் குழந்தையின் விரலில் ஏறவேண்டும் என்பதற்காகத்தான் கைவேலை. மாலை அழகாக இருக்கிறதா, படம் எடுத்தால் நன்றாக வருமா என்பதெல்லாம் பிறகு வருகிற கவலை.

யோசனை புதிதல்ல. ஸ்பெயினின் மயோர்க்கா தீவில், நவம்பர் 1ஆம் தேதி அனைத்துப் புனிதர் திருநாளுக்கு, இனிப்புகளைக் கோத்த ஜெபமாலையைக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. ஞானப்பெற்றோரும் தாத்தா பாட்டியும் அதை வாங்கித் தருவார்கள். சிறு இனிப்பு உருண்டைகளும் மிட்டாய்களும் மணிகள். பதக்கம் தொங்கவேண்டிய இடத்தில் சர்க்கரையில் ஊறிய பூசணித் துண்டு. போலந்தில் பங்குத் திருவிழாக் கடைகளில் சிறிய வளைய ரொட்டிகளைக் கயிற்றில் கோத்து விற்பார்கள். அது ஜெபமாலை இல்லை என்றாலும், திருவிழாவிலிருந்து வீடு திரும்பும் பிள்ளையின் கழுத்தில் தின்பண்ட மாலை தொங்குவது அங்கே யாருக்கும் விநோதமாகப் படாது.

வகுப்பறைக் கைவேலையாக இது இன்று அதிகம் நடப்பது அமெரிக்கப் பங்குகளில். அங்கே அரசுப் பள்ளியில் சமயம் கற்பிக்க இடமில்லை. எனவே பங்கே வாரம் ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டி மறைக்கல்வி நடத்துகிறது. பங்குதோறும் மறைக்கல்விச் சங்கம் ஏற்படுத்தவேண்டும் என்று திருத்தந்தை பத்தாம் பயஸ் 1905இல் எழுதிய சுற்றுமடலுக்குப் பிறகு வலுப்பெற்ற அமைப்பு இது. பாலில் போட்டுத் தின்னும் வளையத் தானியங்கள் அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு இருக்கும். 1941இல் கடைக்கு வந்த சீரியோஸ், 1963இல் வந்த ஃப்ரூட் லூப்ஸ் இரண்டுமே நடுவில் ஓட்டையோடு வருபவை. ஊசி தேவையில்லை, உடைவதும் குறைவு. ஆசிரியர்கள் அவற்றைக் கையில் எடுத்ததில் ஆச்சரியமில்லை. அக்டோபரில் 59 கப்கேக்குகளை நீள மேசையில் ஜெபமாலை வடிவில் அடுக்கி வைப்பதும் அங்கே உண்டு. கண்ணுக்கு நன்றாக இருக்கும். ஆனால் சுடுவதும் அடுக்குவதும் தாய்மார்கள். பிள்ளைகள் வரிசையில் வந்து ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போவார்கள். கொண்டாட்டத்துக்குச் சரி, கற்பித்தல் என்ற கணக்கில் அதைச் சேர்க்கமுடியாது. எண்ணிக் கோக்கும் கை குழந்தையுடையதாக இல்லாவிட்டால் இந்தக் கைவேலையில் ஒன்றுமில்லை.

தமிழ்நாட்டுப் பங்கில் இதைச் செய்ய இறக்குமதித் தானியம் தேவையில்லை. தின்னும் பொருளை மாலையாகக் கோப்பது இந்த ஊருக்குத் தெரிந்த வேலைதான். ஆஞ்சநேயர் கோயில் வடைமாலையும் குரு சன்னிதியின் கொண்டைக்கடலை மாலையும் எல்லோரும் பார்த்தவை. ஊறிய கடலையை ஊசியில் ஏற்றும் பக்குவத்தைப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கோயில் மாலை தெய்வத்துக்குச் சாத்துவதற்கு. வகுப்பு மாலை எண்ணிச் செபிக்கவும் பிறகு தின்னவும். பெற்றோர் யாராவது இரண்டையும் குழப்பிக்கொண்டு கேட்டால் இவ்வளவு சொன்னால் போதும்.

சிறு மணிக்குக் கறுப்புக் கொண்டைக்கடலையை மிஞ்ச வேறொன்றில்லை. விலை மலிவு, எல்லாச் சாதி மத வீட்டிலும் தின்கிற பண்டம், சர்க்கரை கிடையாது. முந்தின இரவு எட்டு முதல் பத்து மணி நேரம் ஊறவைத்து, உப்புப் போட்டு வேகவைக்கவேண்டும். சுண்டலுக்கு வேகவைப்பதைவிட ஒரு விசில் குறைவாக. குழைய வெந்தால் ஊசி நுழைந்ததும் இரண்டாகப் பிளந்துவிடும். அரைவேக்காடாக இருந்தால் ஊசி நழுவி விரலில் குத்தும். விரலால் அழுத்தினால் அமுங்கவேண்டும், தோல் கழன்று வரக்கூடாது, அதுதான் பதம். வெந்ததும் தண்ணீரை ஒட்ட வடித்து, துணியில் பரப்பி ஆறவிட வேண்டும். ஈரத்தோடு கொண்டுபோனால் பிள்ளைகளின் கையில் நிற்காது. முப்பது பிள்ளைகள் முழு மாலை கோப்பதென்றால் 1,590 சிறு மணிகள் வேண்டும். உடைவது, உருண்டோடுவது, கோக்கும்போதே வாய்க்குள் போவது எல்லாம் சேர்த்தாலும் அரைக் கிலோ உலர்ந்த கடலை போதும். வெள்ளைக் கொண்டைக்கடலை பருமனானது. அதே எண்ணிக்கைக்கு இரண்டு மடங்குக்கு மேல் எடை வாங்கவேண்டியிருக்கும், மாலையும் கனத்துத் தொங்கும்.

பெரிய மணிக்குப் பேரீச்சம்பழம். கொட்டை எடுத்த இடமே துளையாகிவிடுகிறது. குறுக்கே இரண்டாக வெட்டினால் ஒரு பழத்தில் இரண்டு மணி. முப்பது மாலைக்கு 180 மணி, அதாவது 90 பழம். ஒரு கிலோ வாங்கினால் மீந்து இருக்கும். கடலையின் பக்கத்தில் அது நிறத்திலும் தொடுகையிலும் வேறாகத் தெரிவது முக்கியம். ஜெபமாலையை இருட்டில் கண்மூடிச் சொல்பவர் பெரிய மணியை விரலால்தான் கண்டுபிடிக்கிறார். கண்ணைக் கட்டிக்கொண்டு தடவிப் பார்த்தாலும் எது பெரிய மணி என்று குழந்தைக்குத் தெரியவேண்டும். சிறு மணியும் பெரிய மணியும் ஒரே வகை மிட்டாயில், நிறம் மட்டும் மாற்றிச் செய்த மாலைகள் இந்தச் சோதனையில் தோற்றுப்போகும்.

மற்றப் பண்டங்களைப் பற்றிச் சுருக்கமாக. விரலில் மாட்டித் தின்னும் குழல் அப்பளம் பிள்ளைகளுக்கு உயிர். ஓட்டையும் தயாராக இருக்கிறது. ஆனால் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பொரித்த அரைமணி நேரத்தில் நமத்துப்போகும். அதைக்கொண்டு செய்வதானால் மாதத்தின் முதல் ஞாயிறே நல்லது. ஜெபமாலை அன்னை திருநாளும் 7ஆம் தேதி அதை ஒட்டி வருகிறது. சோளப்பொரி ஊசி பட்டதும் உதிரும். உலர்திராட்சை கோக்க எளிது, ஊசியெல்லாம் பிசுபிசுப்பு. ஜெம்ஸ் போன்ற மிட்டாய்கள் கோப்பதற்கு ஆகா. தட்டில் அடுக்க மட்டும் பயன்படும், கை வியர்வையில் சாயம் விடும். தேன்மிட்டாயும் கடலை உருண்டையும் எறும்பை அழைத்து வரும்.

குன்றிமணியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். சிவப்பும் கறுப்புமான அந்த விதையைப் பல நாடுகளில் ஜெபமாலைக்குக் கோப்பார்கள். தமிழ்நாட்டு வேலியோரங்களில் தாராளமாகக் கிடைக்கும். மணி என்றதும் பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். அதில் ஆப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. முழுதாக விழுங்கினால் கெட்டித் தோல் ஓரளவு காப்பாற்றும். மென்றாலோ ஊசியால் துளைத்த விதை வாய்க்குள் போனாலோ உயிருக்கே ஆபத்து. தின்னும் மணி கோக்கிற அறையில் குன்றிமணி இருக்கவே கூடாது.

நூல் விஷயத்தில் பலர் கவனம் செலுத்துவதில்லை. தங்கூசி நரம்பு வழுக்கும், வெந்த கடலையை அறுக்கும். கம்பளி நூல் இழை விடும், அது வாயில் ஒட்டும். பூக்கட்டும் பருத்தி நூலை இரண்டாக மடித்துக்கொள்வது சரி. நனைத்த வாழைநார் அதைவிடச் சரி, ஆனால் முடிச்சுப் போடத் தெரிந்த கை வேண்டும். பெரிய பிள்ளைகளுக்கு மொட்டை முனையுள்ள தடித்த ஊசி. சிறியவர்களுக்கு ஊசி வேண்டாம். நூல் முனையை மைதாப் பசையில் தோய்த்து முந்தின நாளே காயவைத்துவிட்டால் அதுவே ஊசியாக நிற்கும். கடலையில் துளையைப் பல்குத்தும் குச்சியால் ஆசிரியர் முன்பே போட்டுத் தரலாம். பசை தோய்க்காத நூலைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று எந்த ஆசிரியரையும் கேட்டால் சொல்வார்: ஒவ்வொரு பிள்ளையும் முனையை நாக்கில் நனைத்து முறுக்கும், பக்கத்துப் பிள்ளைக்கும் நனைத்துக் கொடுக்கும். கை கழுவ வைத்ததன் பலன் அத்தோடு போய்விடும்.

முழு மாலைக்கு நூல் ஒன்றேகால் மீட்டர் வெட்டவேண்டும். வட்டத்தில் வருவது 54 மணி. கடலைக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் கணக்கிட்டால் அறுபது சென்டிமீட்டரைத் தொடும், மீதி முடிச்சுகளுக்கும் வாலுக்கும். சிலுவையிலிருந்து தொடங்கிச் செபிக்கிறோம் என்பதால் கோப்பதையும் அங்கிருந்தே தொடங்கத் தோன்றும். அப்படிச் செய்தால் வட்டத்தை மூடுமிடத்தில் சிக்கல் வரும். வட்டத்தை முதலில் கோப்பதே வழி: பத்து கடலை, ஒரு முடிச்சு, ஒரு பேரீச்சை, ஒரு முடிச்சு, மறுபடி பத்து. ஐந்தாவது பத்து முடிந்ததும் நூலின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்து, பதக்கம் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றாக முடியவேண்டும். பிறகு இரட்டை நூலில் ஒரு பேரீச்சை, மூன்று கடலை, ஒரு பேரீச்சை, கடைசியில் சிலுவை. இடையிடையே போடும் முடிச்சு பத்துகள் ஒன்றோடொன்று கலக்காமல் தடுக்கும். அது இல்லாவிட்டால் கோத்து முடிக்கும்போது மாலை முழுக்க ஒரே கடலைச் சரமாகத்தான் இருக்கும்.

இந்த இடத்தில்தான் வகுப்பின் முக்கியமான பாடம் வருகிறது. வட்டத்தைக் கோத்து முடித்த பிள்ளைகளில் பலர், ஐந்து பத்துமணிக்கு ஐந்து பெரிய மணி வேண்டுமே, வட்டத்தில் நான்குதானே வருகிறது என்று கேட்பார்கள். கேட்காமல் வால் பகுதிக்கு வைத்திருந்த பேரீச்சையை எடுத்து வட்டத்தில் கோத்துவிடுகிறவர்களும் உண்டு. இரண்டுமே நல்லது. பத்துகளுக்கு நடுவே உள்ள இடைவெளி நான்குதான். முதல் மறையுண்மைக்கு உரிய பெரிய மணி வட்டத்துக்கு வெளியே, வாலில் பதக்கத்தை ஒட்டி இருக்கிறது. அதைச் சொல்லி முடித்துப் பதக்கத்தைத் தாண்டி வட்டத்துக்குள் நுழைகிறோம். ஐந்தாவது பத்து முடியும்போது மறுபடி பதக்கத்துக்கே வந்து சேர்கிறோம். வருடக்கணக்கில் வீட்டில் ஜெபமாலை சொல்லிவருகிற பெரியவர்களிடம் கேட்டால்கூட, அந்த மணி எங்கே இருக்கிறது என்று சட்டென்று சொல்லமாட்டார்கள். விரல் தானாகப் போகும், வாய் பதில் சொல்லாது. கையால் கோத்த குழந்தை சொல்லிவிடும். ஆகவே கரும்பலகையில் படத்தை வரைந்து, நான்கு மணி இங்கே, இரண்டு மணி அங்கே என்று முன்கூட்டி விளக்கிவிடுவது தவறான முறை. ஆறு பேரீச்சையைக் கொடுத்துவிட்டு, தட்டுப்பாடு வரும்வரை காத்திருக்கவேண்டும். கேள்வி பிள்ளையிடமிருந்து வந்த பிறகு சொல்லும் விடை மறக்காது.

வாலில் இருக்கும் மூன்று கடலைக்கும் விளக்கம் உண்டு: நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்ற மூன்று வரங்களுக்காகச் சொல்லும் மூன்று அருள் நிறைந்த மரியே. அதற்கு முன்னால் உள்ள பெரிய மணியோடும் சிலுவையைப் பிடித்துச் சொல்லும் நம்பிக்கை அறிக்கையோடும் ஜெபமாலையின் முகப்பு முடிகிறது. இதை ஒரு தடவை சொன்னால் போதும். எட்டு வயதுக் குழந்தைக்கு இறையியல் வரங்களைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை.

பத்து பத்தாக எண்ணித் தொன்னையில் போட்டு ஆளுக்கு ஐந்து தொன்னை கொடுக்கும் ஆசிரியர் தன் நேரத்தை மிச்சப்படுத்துகிறார், குழந்தையின் பாடத்தை எடுத்துக்கொள்கிறார். பெரிய எவர்சில்வர் தட்டில் கடலையைக் கொட்டி, நாலைந்து பேருக்கு ஒரு தட்டு என்று வைத்து, எண்ணுவதை அவர்களிடமே விடவேண்டும். எண்ணிக்கை தெரியாத சிறுவர்களுக்குப் பத்துப் புள்ளி போட்ட அட்டை ஒன்று கொடுத்தால், புள்ளிக்கு ஒரு கடலை வைத்துச் சரிபார்த்துக்கொண்டு கோப்பார்கள். பதினொன்று கோத்த பிள்ளையைத் திருத்த அவசரப்படவேண்டாம். செபிக்கும்போது ஒரு கடலை மீந்து நிற்கும், தானே கண்டுபிடிக்கும், அதைத் தின்று கணக்கைச் சரிசெய்யவும் செய்யும்.

சிலுவையை எதில் செய்வது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கடலை மிட்டாயைக் குறுக்கே வெட்டிச் செய்வார்கள், ரொட்டித் துண்டில் செய்வார்கள், முறுக்கு மாவைச் சிலுவையாகப் பிழிந்து பொரிப்பவர்களும் உண்டு. உணவில் சிலுவை இடுவது கிறிஸ்தவ வீடுகளுக்குப் புதிதல்ல. கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்கள் பெரிய வியாழன் இரவு பெசகா அப்பத்தின் மேல் குருத்தோலைச் சிலுவை வைக்கிறார்கள். ஆனால் அங்கேயும் ஓலையை யாரும் தின்பதில்லை. பாடுபட்ட சுரூபம் பதித்த சிலுவையை இனிப்பில் வார்த்துக் குழந்தை கையில் கொடுத்து, தலையிலிருந்து தின்பதா காலிலிருந்து தின்பதா என்று அது யோசிக்கும் நிலையை உண்டாக்குவது சரியில்லை. தென்னை ஈர்க்குச்சி இரண்டைக் குறுக்காகக் கட்டிய சாதாரணச் சிலுவை போதும். மணிகளைத் தின்று முடித்த பிறகு முடிச்சுகளும் சிலுவையும் மட்டும் உள்ள நூல் மிஞ்சும், வீட்டுக்குக் கொண்டுபோகலாம். பதக்கத்துக்குப் பதிலாகத் திருப்பலி அப்பத்தையோ அந்த வடிவில் வார்த்த எதையோ வைப்பதை முற்றாகத் தவிர்க்கவேண்டும். புதுநன்மைக்கு இன்னும் தயாராகிக்கொண்டிருக்கிற பிள்ளைகள் நற்கருணையையும் தின்பண்டத்தையும் ஒன்றாக நினைக்க அதைவிட நேரான வழி இல்லை.

பங்கில் வயதானவர்கள் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: சாமிப் பொருளைத் தின்னலாமா? நியாயமான கேள்வி. மந்திரித்த பொருளை மரியாதையோடு நடத்தவேண்டும், வேறு உபயோகத்துக்கு எடுக்கக்கூடாது என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1171ஆம் விதி சொல்கிறது. கடலை மாலையை யாரும் மந்திரிப்பதில்லை, மந்திரிக்கவும் கூடாது. ஆர்வத்தில் பிள்ளைகள் மாலையைத் தூக்கிக்கொண்டு பங்குத்தந்தையிடம் ஓடுவார்கள். சாப்பாட்டுக்குச் சொல்லும் ஆசியைச் சொல்லும்படி அவரிடம் முன்பே சொல்லிவைத்துவிடுவது நல்லது. ஜெபமாலை என்ற பொருளாக அல்ல, உணவாகவே அதற்கு ஆசி. இதே காரணத்துக்காக, வீட்டில் அறுந்து கிடக்கும் மந்திரித்த ஜெபமாலையின் சிலுவையைக் கழற்றி இந்த மாலையில் கோப்பதும் வேண்டாம்.

நேரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே தண்ணீரும் மருந்தும் தவிர எதையும் உட்கொள்ளக்கூடாது என்பது சட்டம்; 919ஆம் விதி. பூசைக்கு முன்னால் மறைக்கல்வி நடக்கும் பங்கில், புதுநன்மை வாங்கிய பிள்ளைகள் கடலையைத் தின்றுவிட்டு நேரே கோயிலுக்குள் போக நேரும். அத்தகைய இடங்களில் கோப்பது மட்டும் வகுப்பில், தின்பது பூசை முடிந்து வெளியே வந்த பிறகு. பூசைக்குப் பின் வகுப்பு என்றால் இந்தத் தொல்லை இல்லை. பசியோடு வரும் பிள்ளைகளுக்குச் சுண்டல் கிடைக்கிறது என்பதால் வருகையும் கூடும்.

இனி, செபித்துத் தின்பது. ஒரு மணிக்கு ஒரு செபம், ஒரு செபத்துக்கு ஒரு கடலை என்பது கேட்க நன்றாக இருக்கிறது; நடைமுறையில் ஓடாது. முன்பாதியை ஒருவர் சொல்ல, பின்பாதியை மற்றவர்கள் சொல்வதுதான் வழக்கம். வாயில் கடலை இருக்கும்போது பின்பாதி எங்கே வரும்? தின்னும் அவசரத்தில் செபம் சுருங்கும் ஆபத்தும் உண்டு. 1917இல் பாத்திமாவில் அன்னையின் காட்சி கண்ட லூசியாவும் அவளுடைய அத்தை பிள்ளைகள் இருவரும், ஆடு மேய்க்கும் இடத்தில் சீக்கிரம் விளையாடப் போகவேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு மணிக்கும் செபத்தின் முதல் சொற்களை மட்டும் சொல்லி மாலையை முடித்துவிடுவார்களாம். லூசியாவே பின்னாளில் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியது இது. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள், அடையாளமும் கண்டுகொள்வார்கள். ஒரு பத்துமணி முழுவதும் சொல்லி, மூவொரு இறைவன் புகழும் முடிந்த பிறகு, அந்தப் பத்தை உருவித் தின்பதே சரியான முறை. அதற்கு வசதியாகப் பதக்க இடத்து முடிச்சை இழுத்தால் அவிழும்படி போட்டிருக்க வேண்டும். வட்டத்தை இறுக்கி முடிந்துவிட்டால் பிள்ளைகள் நூலைப் பல்லால் கடித்து இழுப்பார்கள்.

வகுப்பு ஞாயிற்றுக்கிழமை என்பதால் வழக்கப்படி வருவது மகிமை மறையுண்மைகள். திங்கள், சனி மகிழ்ச்சி. செவ்வாய், வெள்ளி துயர். புதனும் ஞாயிறும் மகிமை. வியாழனுக்குரிய ஒளியின் மறையுண்மைகள் 2002 அக்டோபரில் இரண்டாம் ஜான் பால் சேர்த்தவை. மறையுண்மைக்கு ஒரு சுவை என்று இனிப்பு, கசப்பு, புளிப்பு எல்லாம் வைத்துப் பார்க்கும் ஆசை ஆசிரியர்களுக்கு வரும். தவக்காலத்தில் துயர் மறையுண்மைகளுக்கு நெல்லிக்காய்த் துண்டு வைப்பது பொருந்துகிறது. அதைத் தாண்டிப் போனால் பிள்ளைகள் சுவையை ஞாபகம் வைத்துக்கொள்வார்கள், மறையுண்மையை அல்ல. நிறத்தில் ஒரு முறை மட்டும் எடுத்துச் செய்யத் தகுந்தது. பேராயர் ஃபுல்டன் ஷீன் 1951இல் தொடங்கிய மறைபரப்பு ஜெபமாலையில் ஐந்து பத்துகளும் ஐந்து நிறம்: ஆப்பிரிக்காவுக்குப் பச்சை, அமெரிக்காக்களுக்குச் சிவப்பு, ஐரோப்பாவுக்கு வெள்ளை, ஓசியானியாவுக்கு நீலம், ஆசியாவுக்கு மஞ்சள். மறைபரப்பு ஞாயிறும் அக்டோபரில்தான் வருகிறது. வெள்ளைக் கொண்டைக்கடலையை மஞ்சள்தூளிலும் பீட்ரூட் சாற்றிலும் கீரைச் சாற்றிலும் வேகவைத்தால் மூன்று நிறம் கிடைக்கும். நீலத்துக்குச் சங்குப்பூ இருக்கிறது. வேலை அதிகம், ஆனால் உலகப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு இதைச் செய்த வகுப்பு வீணாகாது.

வயதுக்கு ஏற்ப அளவு மாறும். எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு முழுக் கடலை, நிலக்கடலை, சோளப்பொரி, கெட்டி மிட்டாய் எதுவும் கொடுக்கக்கூடாது, தொண்டையில் சிக்கும். நூலும் வேண்டாம். பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, இட்லித் துண்டையும் நன்கு வெந்த கேரட் துண்டையும் தட்டில் வட்டமாக அடுக்கினால் அவர்களுக்கு அதுவே ஜெபமாலை. ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு ஒரு பத்துமணி மட்டும்: சிலுவை, ஒரு பேரீச்சை, பத்து கடலை. முழு மாலையை அவர்களிடம் கொடுத்தால் மூன்றாவது பத்தில் கை தளர்ந்து, மீதியைத் தின்றுவிடுவார்கள். முழு மாலைக்கு நான்காம் வகுப்பிலிருந்துதான் பொறுமை வருகிறது. உறுதிபூசுதலுக்குத் தயாராகும் பெரிய பிள்ளைகள் கோத்துத் தின்பதில் அர்த்தமில்லை. சிறியவர்களின் தட்டுக்கு ஒருவர் வீதம் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது அவர்கள் வேலை. எந்த வயதானாலும் மாலையைக் கழுத்தில் போட அனுமதிக்கக்கூடாது. நூல் கழுத்தை இறுக்கும் அபாயம் ஒருபுறம், ஓட ஆரம்பித்தால் கடலை தரையெல்லாம் சிதறும் என்பது மறுபுறம்.

நிலக்கடலை, பால், கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் எந்த வகுப்பிலும் இருக்கலாம். கொண்டைக்கடலை ஒவ்வாதவர்களும் அபூர்வமாக உண்டு. முந்தின ஞாயிறே பெற்றோருக்குத் துண்டுச்சீட்டில் பண்டங்களின் பெயரை எழுதி அனுப்பிக் கேட்டுவிடவேண்டும். முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள பிள்ளைக்குப் பேரீச்சம்பழத்தின் அளவைத் தாயே முடிவுசெய்யட்டும். இத்தகைய பிள்ளைக்குத் தனித் தட்டில் வேறு பண்டம் வைத்து ஒதுக்குவதைவிட, எல்லோருக்கும் பண்டத்தை மாற்றிவிடுவது மேல்.

மீந்த சுண்டலை அன்றே பகிர்ந்துவிட வேண்டும். மழைக்காலத்தில் மாலைக்குள் ஊசிப்போகும். வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் இந்தக் கைவேலை தேவையில்லை. மாதாமாதம் செய்தால் அது சுண்டல் வகுப்பாகிவிடும். அடுத்த ஞாயிறு அதே பிள்ளைகளின் கையில் உண்மையான ஜெபமாலையைக் கொடுத்து, முதல் மறையுண்மைக்குரிய பெரிய மணியைத் தொட்டுக் காட்டச் சொல்லவேண்டும். பலருடைய வீட்டில் பிள்ளைக்கென்று தனி ஜெபமாலை இருப்பதில்லை. வேளாங்கண்ணிக் கடைத்தெருவில் மொத்தமாக வாங்கினால் சில ரூபாய்க்கே ஒன்று கிடைக்கும். அக்டோபர் பிறப்பதற்கு முன்பே பங்குச் செலவில் அவற்றை வாங்கி, மந்திரித்துத் தயாராக வைத்துக்கொள்ளுமாறு மறைக்கல்விப் பொறுப்பாளர்கள் பங்குத்தந்தையிடம் கேட்டுக்கொள்ளவும்.